தேசிக்காய்த் துண்டு இல்லாத சூப்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் புளோறன்ஸ் தன் கணவனின் வெள்ளைச் சேட்டை மூன்று தரம் அயன் பண்ணிவிட்டாள். மூன்றாவது தரம் அயன் பண்ணுவதற்கு அந்தச் சேட்டில் ஒரு சுருக்கமும் இருக்கவில்லை. கைக்கு வேலை இல்லாவிட்டால் தன் வாய் அலட்டத் தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இன்று அலட்டக்கூடிய நாள் அல்ல.

ஆறு மாத இழுபறி இன்று மத்தியானத்தோடு முடிய வேண்டும். கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெட்டையான அவள் மகள் ஷெரோமிக்கும் வெள்ளவத்தைச் சைவப் பெடியன் வினோதனுக்கும் கலியாணம் என்று முடிவானவுடன், எங்கே வைப்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. சேர்ச் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று வினோதனின் தாய் பாலேஸ்வரி சொன்னாள். கோயில் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று புளோறன்ஸ் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த ஆட்கள் என்று ஷெரோமி தலையில் அடித்துக்கொண்டாள். போன கிழமைதான் ஒருவழியாக இரண்டு பக்கமும் இறங்கி வந்தன. கோயிலும் வேண்டாம், சேர்ச்சும் வேண்டாம், கோட்டையில் இருக்கிற கொலனேட் ஹோட்டலிலேயே கலியாண எழுத்தும் சாப்பாடும்.

தேதி நவம்பர் இருபத்திரண்டு. அதை விட்டால் இவர்களுக்குக் கலியாணம் வைக்காத திருவருகைக் காலம் வந்துவிடும், அது முடியமுதல் அவர்களுக்கு மார்கழி பிறந்துவிடும். தை மாதம் வரை இழுத்தால் பாலேஸ்வரியின் மனம் அப்படியே இருக்கும் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது? புளோறன்ஸ் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்து, ஏழு செவ்வாய் முடித்திருந்தாள்.

இன்று இரண்டு குடும்பமும் ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டை ருசி பார்த்து, மண்டபத்தை உறுதிப்படுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனாலும் புளோறன்ஸ் விடியற்காலையிலிருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் இல்லாமல் இல்லை.

கொலனேட் ஹோட்டல் அவள் கணவன் சவுந்தரநாயகத்துக்குப் புது இடம் அல்ல. முப்பத்தாறு வருடம் அங்கே சாப்பாட்டு மேசைகளுக்குப் பரிமாறியவர். கடைசிப் பதினொரு வருடம் ஹெட் ஸ்டூவர்ட். இளைப்பாறி எட்டு வருடமாகிறது. இடையில் ஹோட்டல் கைமாறி, மூன்று வருடம் மூடிக் கிடந்து, திருத்தி, போன வருடம்தான் திரும்பத் திறந்திருந்தார்கள்.

"இண்டைக்கு நீங்கள் கெஸ்ட்," என்று புளோறன்ஸ் சேட்டை நீட்டினாள். "கதிரையில இருந்தால் எழும்பக் கூடாது. ஒரு பீங்கானிலயும் கை வைக்கக் கூடாது. பழைய கதை ஒண்டும் வேண்டாம்."

சம்பந்திமார் முன்னால் மகளின் தகப்பன் மரியாதையாக இருக்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள் என்றே சவுந்தரநாயகம் எடுத்துக்கொண்டார். நல்ல மனுசன். மனைவி சொன்னதற்கு உள்ளே இன்னொன்று இருக்குமோ என்று தோண்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு முப்பத்து மூன்று வருடத்தில் வரவில்லை.

"சரி, புளோறி. இண்டைக்கு எனக்கு ஓஃப்," என்று சொல்லிச் சேட்டைப் போட்டுக்கொண்டார்.

உள்ளே இருந்த இன்னொன்று இதுதான். மூன்று கிழமைக்கு முன் அவர்கள் முதல் தடவையாக வெள்ளவத்தைக்குப் போயிருந்தார்கள். சவுந்தரநாயகமும் வினோதனின் தகப்பன் நமசிவாயமும் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தபடி கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் இருவரும். சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள். மூத்தவள் மயூரி கறுப்பு அங்கியோடு, அவள் புருசன் சிவப்பு அங்கியோடு, வினோதன் நீல அங்கியோடு. அந்த வீட்டில் அங்கி போடாமல் படம் எடுத்தவர் மாலை போட்டிருந்த பெரியவர் ஒருவர்தான். புளோறன்ஸ் தன் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு கதிரை விளிம்பில் இருந்தாள். பாலேஸ்வரி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, சம்பந்தி கொலனேட்டில் மனேஜ்மென்டில் இருந்தவரோ என்று கேட்டாள்.

புளோறன்ஸ் பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெரிய டைனிங் றூம் முழுக்க இவருடைய கையில்தான் இருந்தது என்றும் ஒரு சொல் சேர்த்தாள். அது உண்மைதானே என்றும், பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லத் தேவையில்லை என்றும் வீட்டுக்கு வருகிற வழியில் தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அதே பேச்சில் பாலேஸ்வரி, புளோறன்ஸின் மகன் றமேஷும் நல்ல உத்தியோகத்தில்தானோ என்று கேட்டிருந்தாள். இத்தாலியில் றமேஷ் உண்மையில் என்ன செய்கிறான் என்று தங்கள் வீட்டில் அறிந்தவள் புளோறன்ஸ் ஒருத்திதான், தகப்பனுக்கே தெரியாது. பாலேஸ்வரி அதைக் கேட்டபோதும் புளோறன்ஸின் தலை தானாக ஆடியது. அந்தக் கதையைச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு பொய்க்குக் காவலாக ஒரு ஆளைப் போட வேண்டியிருந்தது. ஹோட்டலின் பழைய ஆட்களில் இன்னும் மிச்சம் இருந்தவர் பாரில் வேலை செய்யும் ஒஸ்வால்ட் மட்டும்தான். நேற்று அவருக்குப் போன் எடுத்து, நாளைக்கு இவரைக் கண்டால் தெரியாத ஆள் மாதிரி இருக்கச் சொல்லிக் கேட்டாள். ஒஸ்வால்ட் சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று புளோறன்ஸுக்குப் பிறகு தோன்றியது.

பன்னிரண்டே காலுக்கு ஓட்டோ அவர்களைத் துறைமுகத்துக்கு எதிரே இறக்கிவிட்டது. கண்டெய்னர் லொறிகள் நிரையாக நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அதற்கெல்லாம் அசையாமல் கொலனேட் தன் பாட்டில் நின்றது. நூற்று முப்பது வருடக் கட்டடம். முன்பக்கம் இருபத்திரண்டு வெள்ளைத் தூண்கள், அவற்றுக்குள்ளால் நடைபாதை. வெயிலுக்கும் மழைக்கும் கோட்டைச் சனம் முழுக்க அதற்குள்ளால்தான் நடக்கும். ஆனால் உள்ளே போகிற கண்ணாடிக் கதவை அந்தச் சனத்தில் ஆயிரத்தில் ஒருவர் திறந்திருந்தால் அதிசயம்.

ஓட்டோவிலிருந்து இறங்கியதும் சவுந்தரநாயகத்தின் கால்கள் தாமாக இடப்பக்க ஒழுங்கைக்குத் திரும்பின. வேலையாட்களின் வாசல் அங்கேதான். முப்பத்தாறு வருடம் அந்த வாசலால் போய், கார்டில் நேரம் அடித்து, உடுப்பு மாற்றி, பின்படியால் மேலே ஏறிய கால்கள். புளோறன்ஸ் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். கண்ணாடிக் கதவைக் காவலாளி திறந்துவிட, சவுந்தரநாயகம் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நின்றதில் கதவு நடுவில் தடைப்பட்டுப் போயிற்று.

உள்ளே தேக்கு மாடிப்படிக்குக் கீழே நமசிவாயமும் பாலேஸ்வரியும் காத்திருந்தார்கள். நமசிவாயம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவர், கையில் எப்போதும் ஒரு குடை. கோட்டையில் வேலை செய்த காலம் முழுக்க இந்தத் தூண்களுக்குள்ளால் நடந்தாராம், ஒரு நாளும் உள்ளே வரவில்லையாம். இன்றைக்குச் சம்பந்தியின் தயவில் வந்திருக்கிறேன் என்று சந்தோசமாகச் சொன்னார். பாலேஸ்வரி நீலக் கரைச் சேலை, நெற்றியில் விபூதி. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். வினோதனுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் கப்பல் கொம்பனியில் வேலை செய்கிற ஷெரோமி சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து சேர்ந்தாள்.

பார் வாசலில் ஒஸ்வால்ட் நின்றார். சவுந்தரநாயகத்தின் முகம் மலர்ந்தது. இரண்டு அடி முன்னால் வைத்து, கையையும் நீட்டிவிட்டார். ஒஸ்வால்ட் அந்தக் கையைப் பார்க்கவில்லை. தலையை அளவாகக் குனிந்து, "குட் ஆஃப்டர்நூன், சேர்," என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துக் கிளாஸ் துடைக்கப் போனார். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் மத்தியானச் சோறு தின்ற ஒஸ்வால்ட். சவுந்தரநாயகம் நீட்டிய கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புளோறன்ஸ் மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடியை ஆராய்ந்தாள்.

மேலே டைனிங் றூமில் துறைமுகப் பக்கத்து யன்னலோரம் வட்ட மேசை போட்டிருந்தது. விருந்துகளுக்குப் பொறுப்பான மக்கீன் ஒவ்வொருவராகக் கைகொடுத்து வரவேற்றார். நல்ல கெட்டிக்கார மனுசன், ஹோட்டல் திரும்பத் திறந்த பிறகு வந்து சேர்ந்தவர். நவம்பர் இருபத்திரண்டை இன்னொரு பகுதியும் கேட்டுக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே சொல்லிவிட்டால் நல்லது என்றார். நமசிவாயம் குடையைக் கதிரையில் கொழுவிக்கொண்டே சவுந்தரநாயகத்தின் தோளில் தட்டினார்.

"மிஸ்டர் மக்கீன், உங்களுக்குத் தெரியுமோ? இவர் இங்க மனேஜரா இருந்தவர்."

மக்கீன் மிகுந்த மரியாதையோடு, தெரியாமல் போயிற்று என்று வருந்தினார். சவுந்தரநாயகம் முதலில் நமசிவாயத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் புளோறன்ஸைப் பார்த்தார். சேட்டை ஏன் மூன்று தரம் அயன் பண்ணினாள், கதிரையை விட்டு எழும்பக் கூடாது என்று ஏன் சொன்னாள், ஒஸ்வால்ட் ஏன் கையைப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு அந்த ஒரு பார்வைக்குள் விளங்கிவிட்டதைப் புளோறன்ஸ் கண்டாள். அவள் மேசை விரிப்பின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் மானத்தைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது. நவம்பரில் மேசைகளில் பாதி சைவம், பாதி மச்சம் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இன்று ருசி பார்க்க வருவது சைவப் பக்கம் மட்டும். பாலேஸ்வரி தன் கதையை மக்கீனுக்குச் சொன்னாள். வினோதன் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்து டொக்டர்மாரே கையை விரித்தபோது, பிள்ளையைத் திருப்பித் தந்தால் சாகும்வரை மச்சம் தொடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்தவளாம். இருபத்தேழு வருடம். முட்டை கலந்த கேக் கூடத் தொடவில்லையாம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, சாமான் விலை சொல்வது மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னாள். புளோறன்ஸுக்கு அந்தப் பெண்மேல் முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது.

சூப் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஐந்து கோப்பைகளையும் அழகாக வைத்துவிட்டுப் போனாள். தெளிந்த சூப்பில் கரட்டும் போஞ்சியும் பொடியாக வெட்டிப் போட்டிருந்தது. மணம் பிரமாதம்.

புளோறன்ஸ் கரண்டியை எடுத்தாள், அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கோப்பைக்குக் கீழே இருந்த சின்னப் பீங்கானில் நின்றது. அதில் ஒன்றும் இருக்கவில்லை.

கொலனேட் சமையலறையின் சங்கதி ஒன்று அவளுக்குக் கணவன் சொல்லித் தெரியும். அங்கே எல்லாச் சூப்புக்கும் அடிப்படை ஒரே பானைதான். கோழி எலும்பைப் போட்டு விடியவிடிய அவிக்கிற பெரிய பானை. மரக்கறிச் சூப்பானாலும் அந்தப் பானையில்தான் ஒரு அகப்பை அள்ளி ஊற்றுவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படியே வந்த பழக்கம், யாரும் மாற்றவில்லை. மச்சம் தொடாத ஆட்கள் வந்தால் ஸ்டூவர்ட் போய்க் குசினியில் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் வைப்பார்கள். மாறிப் போகாமல் இருக்க, அந்தக் கோப்பையின் சின்னப் பீங்கானில் ஒரு தேசிக்காய்த் துண்டு வைத்து அனுப்புவார்கள். தேசிக்காய் இருந்தால் சைவம், இல்லாவிட்டால் கோழி. சவுந்தரநாயகம் வீட்டிலேயே ஆயிரம் தரம் சொன்ன கதை அது.

புது ஹோட்டல், புதுக் குசினி, பழைய பழக்கமெல்லாம் போயிருக்கும் என்று புளோறன்ஸ் தனக்குச் சொன்னாள். இருந்தாலும் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் நவம்பர் இருபத்திரண்டு நின்றது. ஷெரோமி நின்றாள். புளோறன்ஸ் வாயைத் திறக்கவில்லை. பாலேஸ்வரி கரண்டியில் சூப்பை அள்ளி, ஆறட்டும் என்று ஊதினாள்.

கதிரை பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது.

சவுந்தரநாயகம் எழும்பிவிட்டார். ஓடவில்லை, பதறவில்லை. பாலேஸ்வரியின் வலப்பக்கமாக வந்து, முதுகை அளவாகக் குனிந்து, "எக்ஸ்கியூஸ் மீ, மேடம்," என்றார். அவள் திடுக்கிட்டுக் கரண்டியைத் தாழ்த்திய அந்தக் கணத்தில் கோப்பையும் பீங்கானும் மேசையை விட்டுப் போய்விட்டன. நமசிவாயத்தின் கோப்பையும் அதே கையில் ஏறியது. ஒரு கையில் இரண்டு கோப்பை, ஒரு துளி சிந்தவில்லை. மற்றக் கை முதுகுக்குப் பின்னால் மடிந்திருந்தது. முன்னங்கையில் நப்கின் எப்போது வந்து விழுந்தது என்று யாரும் காணவில்லை.

சுவரோர மேசையில் கோப்பைகளை வைத்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தணிந்த குரலில், இந்தச் சூப் கோழி எலும்பு அவித்த தண்ணியிலோ செய்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

"நங்கி, மே சுப் எக ஹெதுவே சிக்கன் ஸ்டொக் எகென்த?"

"ஒவ், சேர்," என்று அவள் ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொண்டாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

மேசையில் இருந்த எல்லோருக்கும் அந்தளவு சிங்களம் தெரியும். பாலேஸ்வரி கையிலிருந்த கரண்டியை, அதிலிருந்த சூப்போடு, விரிப்பின்மேல் வைத்தாள். மஞ்சள் நிறமாக ஒரு கறை பரவியது. மக்கீனுக்கு வியர்த்துவிட்டது. இது எப்படி நடந்ததென்று தெரியவில்லை, சைவம் என்று எழுதித்தான் கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, குசினிப் பக்கம் போனார். ஒரு சொட்டாவது உள்ளே போயிற்றோ என்று நமசிவாயம் கேட்டார். பாலேஸ்வரி இல்லை என்று தலையசைத்தாள். அவள் கண் சவுந்தரநாயகத்தின் முன்னங்கையில் கிடந்த நப்கினில் நின்றது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மூக்கில் மணம் அடித்தது என்று சொல்லுங்கோ, அந்தோனியாரே, அப்படிச் சொல்ல வையும் என்று புளோறன்ஸ் மனதுக்குள் மன்றாடினாள். மிச்சமிருந்த இரண்டு செவ்வாயை இருபதாக்குவதற்கும் தயாராக இருந்தாள்.

"முப்பத்தாறு வருசம் இந்த மேசையளுக்குச் சூப் கொண்டு வந்தனான், மிஸ்ஸிஸ் நமசிவாயம்," என்றார் சவுந்தரநாயகம். "நான் இங்க மனேஜரா இருக்கேல்லை. ஸ்டூவர்ட்."

கீழே லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. நமசிவாயம் தன் குடையைக் கழற்றித் திரும்பவும் கொழுவினார். ஷெரோமி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு அப்பா எப்போதும் ஸ்டூவர்ட்தான்.

"புளோறன்ஸ், நீங்கள் எனக்குச் சொன்னது வேற," என்றாள் பாலேஸ்வரி.

"மனேஜர் எண்டு நான் சொல்லேல்லை, அக்கா."

சொல்லி முடிக்கமுதலே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று புளோறன்ஸுக்கு விளங்கிவிட்டது. பாலேஸ்வரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

"ஓம். நான் கேட்டனான், நீங்கள் தலையாட்டினனீங்கள். எனக்கு இண்டைக்கு இதுக்கு மேல ஏலாது."

அவள் எழும்பினாள். எழும்புகிறாள் என்று கண்டதும் சவுந்தரநாயகம் பின்னால் வந்து கதிரையை இழுத்துவிட்டார். பழக்கம். பாலேஸ்வரி ஒரு கணம் நின்று, அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னாள். கதிரைக்காகவா சூப்புக்காகவா என்று தெரியவில்லை. பிறகு நமசிவாயத்தோடு தேக்குப் படிகளால் இறங்கிப் போனாள்.

மக்கீன் புதுச் சூப்போடு வந்தபோது மேசையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். இந்தமுறை ஒவ்வொரு பீங்கானிலும் ஒரு தேசிக்காய்த் துண்டு இருந்தது. பாரிலிருந்து ஒஸ்வால்ட் குசினிக்கு ஓடிப்போய்ச் சொல்லிக் கொடுத்தாராம். மண்டபத்தை என்ன செய்வது என்று மக்கீன் தயங்கித் தயங்கிக் கேட்டார். புளோறன்ஸ் கணவனைப் பார்த்தாள். நாளை மத்தியானம் வரை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார்.

கீழே வந்து தூண்களுக்குள்ளால் நடக்கும்போது ஷெரோமி தாயை நிறுத்தினாள்.

"அம்மா, அப்பா என்ன வேலை எண்டு நான் வினோதனுக்கு முதல் நாளே சொன்னனான். அவனுக்கு அது ஒரு விசயமாவே படேல்லை. நீங்கள் ஏன் இதைச் செய்தனீங்கள்?"

புளோறன்ஸ் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். ஷெரோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒஃபிஸுக்குப் போய்விட்டாள். ஓட்டோவில் கொட்டாஞ்சேனை வந்து சேரும்வரை சவுந்தரநாயகம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு, முன்னறையில் இருந்தார். புளோறன்ஸ் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் எடுக்கவில்லை.

"நான் என்னவா இருந்தனான் எண்டு சொல்ல உனக்கு வெக்கமோ, புளோறி?"

"அங்க சுவர் முழுக்கப் பட்டம் எடுத்த படமாக் கிடந்தது. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. உங்களைக் குறைச்சு நினைச்சுச் செய்யேல்லை."

"குறைச்சு நினைச்சபடியாத்தானே கூட்டிச் சொன்னனீ."

அதை அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. புளோறன்ஸுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். இந்த மனுசனின் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள், இந்த வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். அவர் வேலைக்குப் போகிற வெள்ளைக் கோட்டை இருபத்தைந்து வருடமாகக் கஞ்சி போட்டு அயன் பண்ணியவள் அவள்தான். அந்தக் கோட்டைப் பற்றி ஒரு நாளும் அவள் வெட்கப்பட்டதில்லை, வெள்ளவத்தையில் அந்தக் கதிரை விளிம்பில் இருந்த அரை மணித்தியாலத்தைத் தவிர.

"அதை விடு," என்றார் அவர். "தேசிக்காய் இல்லை எண்டு நீயும் கண்டனீ. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கரண்டியை எடுத்துப்போட்டு நீ குடிக்கேல்லை."

புளோறன்ஸ் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். இதை வேறு யாரும் அறியமாட்டார்கள் என்றுதான் ஓட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த மனுசி மகனுக்காக நேந்தது. நாங்கள் மருமகன் எண்டு கூப்பிடப் போற பெடியனுக்காக. அதைக் குடிக்க விட்டுட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனீ."

ஐந்தரை மணிக்குப் புளோறன்ஸின் போன் அடித்தது. வெள்ளவத்தை நம்பர். அவள் பாய்ந்து எடுத்து, அக்கா என்று தொடங்கினாள். பாலேஸ்வரி அவளைத் தொடர விடவில்லை. அவரிடம் கொடுங்கோ என்றாள்.

சவுந்தரநாயகம் எழும்பி நின்று போனைக் காதில் வைத்தார். போனில் பெரிய ஆட்களோடு கதைக்கும்போது அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓம் என்றார். இன்னொரு தரம் ஓம் என்றார். எனக்குத் தெரியாது என்றார். பிறகு, வாறன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

"நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வெள்ளவத்தைக்கு வரட்டாம்."

மத்தியானத்துக்குள் மக்கீனுக்குச் சொல்லலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று புளோறன்ஸின் மனம் கணக்குப் போட்டது. "எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்? ஷெரோமியையும் கூட்டிக்கொண்டு போவமோ?"

"நீங்கள் ஒருதரும் வர வேண்டாமாம். என்னை மட்டும்தான் வரச் சொன்னவ."

புளோறன்ஸ் கதிரையில் இருந்தாள். கலியாணம் நடக்குமோ என்று கேட்டனீங்களோ என்று மெல்லக் கேட்டாள்.

"கேட்டனான். அதுக்கு அவ என்னைத் திருப்பி ஒண்டு கேட்டவ. உங்கட மனிசி எங்களுக்குச் சொன்னதில இன்னும் என்னென்ன இப்பிடி எண்டு." சவுந்தரநாயகம் போனை அவள் மடியில் வைத்தார். "எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான். உண்மையாவே தெரியாதுதானே. நாளைக்கு அந்த வீட்டில போய் இருந்து நான் பதில் சொல்ல வேணும். இன்னும் ஏதும் இருக்கோ, புளோறி?"

சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் றமேஷின் படம் தொங்கியது. மிலானில் யாரோ ஒருவருடைய காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. புளோறன்ஸ் அதைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை அவள் தலை எந்தப் பக்கமும் ஆடவில்லை.